நாலரை அடி

டொலீடோ, ஒஹாயோ
9 மே 1994

வெர்னன்,

தொலைபேசியில் பேசினால் கத்திக்கொள்கிறோம், இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று உன் வக்கீலும் என் வக்கீலும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். எனக்கு அதுதான் வசதி. எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

நானும் கெல்சியும் நலம். உன் நலத்தை விசாரிக்கும்படி வக்கீல் எதுவும் சொல்லவில்லை.

விஷயம் கோடை விடுமுறை. ஜூலை மூன்றிலிருந்து இரண்டு வாரம் கெல்சி உன்னிடம் இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அனுப்புகிறேன். ஆனால் போன வருடம் மாதிரி நடந்தால் சும்மா இருக்க மாட்டேன்.

போன வருடம் பதினாலு நாளில் பதினோரு பொழுதுபோக்குப் பூங்கா. ஒன்பது வயதுப் பிள்ளை. வந்ததும் வராததுமாக, "எதுலெல்லாம் ஏறினே?" என்று கேட்டேன். "கம்பளிப்பூச்சி ரயில், டிராகன் ரயில், தேனீ ரயில், இன்னொரு டிராகன் ரயில்" என்றாள். எல்லாம் நாலு வயதுக் குழந்தைகள் ஏறுகிற குட்டி ரோலர் கோஸ்டர். "ஏன், பெரிசுல ஏறலையா?" என்றேன். "பெரிசுல எல்லாம் அப்பா ஏற்கெனவே ஏறிட்டார்ம்மா. திரும்ப ஏறினா கணக்குல வராது" என்றாள்.

உன் கணக்கு எனக்குத் தெரியாதா? உங்கள் மன்றத்தில் ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை வெவ்வேறு ரோலர் கோஸ்டரில் ஏறினோம் என்று நோட்டுப் போட்டு எழுதுகிறீர்கள். நூறு அடி உயரமும் ஒன்று, கம்பளிப்பூச்சியும் ஒன்று. ஆனால் கம்பளிப்பூச்சியில் பெரியவன் தனியாக ஏற முடியாது. நாலரை அடிக்குக் குறைவான பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குத்தான் உனக்கு அவள். உன் மன்றத்து நண்பன் மார்வின் அவள் எதிரிலேயே, "வெர்ன், நல்ல அனுமதிச் சீட்டா பெத்து வெச்சிருக்கேடா" என்று சிரித்தானாம். அவளுக்குப் புரியாது என்று நினைத்தீர்கள். புரிந்திருக்கிறது.

இந்த வருடம் பூங்காவே வேண்டாம். ஏரியில் மீன் பிடிக்கக் கூட்டிப் போ.

லொரெய்ன் மெர்சர்
(உறையில் இன்னும் பாவ்லிக் என்று எழுதுகிறாய். அந்தப் பெயரைக் கழற்றி இரண்டு வருடமாகிறது.)


ஈரி, பென்சில்வேனியா
17 மே 1994

முன்னாள் திருமதி பாவ்லிக்குக்கு,

மீனா? பத்து வருடம் என்னோடு குடும்பம் நடத்தினாய். எனக்கு மீன் வாடை ஆகாது என்பது கூடத் தெரியாமலா?

நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் அறுபது பிள்ளைகளின் கூச்சல், மாலையில் அதே அறுபது. கோடையில் இரண்டு மாதம்தான் எனக்கென்று இருக்கிறது. அதில் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லத் தேவையில்லை.

எத்தனை தடவை கூப்பிட்டும் நீ ஒரு ரோலர் கோஸ்டரில் ஏறவில்லை. அதனால் உனக்குச் சொல்லி விளங்க வைக்கவும் முடியாது. மரத்தில் கட்டியதாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார வேண்டும். சங்கிலி கடகடவென்று இழுத்துப் போகும். உச்சியில் ஒரே ஒரு கணம் ஏரி முழுவதும் தெரியும். அதற்கப்புறம் வயிறு மேலே நிற்கும், நாம் கீழே போவோம். உன் தொலைக்காட்சிப் பெட்டியில் இருபது வருடம் தேடினாலும் அப்படி ஒரு கணம் கிடைக்காது. அங்கே வேறு யாரோ வாழ்கிறார்கள், நீ சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறாய்.

உன் அருமைத் தொடர் ‘வில்லோ பாயின்ட்’ எப்படி இருக்கிறது? கடலில் மூழ்கிச் செத்த அந்த கிரான்ட் இப்போது எத்தனையாவது தடவை உயிரோடு வந்திருக்கிறான்? கெல்சிக்கு அவன் மூன்று பெண்டாட்டிகளின் பெயரும் வரிசையாகத் தெரிகிறது. பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது குற்றம், தினமும் டிவி முன்னால் உட்கார வைப்பது வளர்ப்பா? பிரசவ அறையிலேயே நர்சிடம் டிவியைப் போடச் சொன்னவள் நீ. அதை நான் மறக்கவில்லை.

நான் இப்போது நானூற்று எண்பத்தெட்டில் நிற்கிறேன். ஆகஸ்ட் 20 அன்று மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். அதற்குள் ஐந்நூறு ஆக வேண்டும். ஐந்நூறை எட்டியவர்களை மேடைக்குக் கூப்பிட்டுத் தங்க நிறச் சட்டைப்பின் குத்துவார்கள். பன்னிரண்டு பாக்கி. பன்னிரண்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துவிட்டேன். பன்னிரண்டும் குட்டி ரயில்தான், ஒளிக்கவில்லை. கெல்சிக்கும் பிடிக்கும். அவள் சிரிப்பதை நீ பார்த்ததில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வெர்னன்


டொலீடோ
1 ஜூன் 1994

வெர்னன்,

ஆமாம், போடச் சொன்னேன். அன்றைக்கு கிரான்டுக்கும் லிடியாவுக்கும் கல்யாணம், ஆறு மாதமாகக் காத்திருந்தேன். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் டிவி எதற்கு? நீ எங்கே இருந்தாய் என்று நான் எழுதட்டுமா? ஒரு புது ரோலர் கோஸ்டர் திறப்பு விழாவில், முதல் ரயிலில். போட்டோ கூட வைத்திருக்கிறாய். அதில் வாய் கொள்ளாத சிரிப்பு.

தொடர் பார்ப்பவர்களை மட்டமாகப் பேசாதே. பதினேழு வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள் அந்த ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். கிரான்ட் அயோக்கியன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செத்துப்போன பிறகு கூட மகளின் பிறந்தநாளுக்கு வந்து நின்றவன் அவன். நீ உயிரோடு இருந்துகொண்டு ஒரு கார்டு போடவில்லை.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி.

நான் பல் மருத்துவமனையில் வேலை முடிந்து வந்ததும், அன்றைக்கு வீடியோவில் பதிவான பகுதியை நானும் கெல்சியும் சேர்ந்து பார்ப்போம். நடுவில் பேசக் கூடாது, விளம்பரம் வந்தால் பேசலாம். அது எங்கள் வீட்டுச் சட்டம். இரண்டு வாரமாகக் காபித்தூள் டப்பா சீக்கிரம் காலியாகிறது. பால் அப்படியே இருக்கிறது. நேற்று சலவைத்தூள் விளம்பரம் வந்தபோது கேட்டேன்.

"கெல்சி, காபி குடிக்கிறியா?"

"ம்."

"உன் வயசுல காபியா? எதுக்குடி?"

"நீதானே சொன்னே, சின்னப் பிள்ளைங்க காபி குடிச்சா வளர்த்தி நின்னு போகும்னு."

"ஆமா, குடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"எனக்கு நிக்கணும்மா. இன்னும் அரை அங்குலம்தான் இருக்கு. நாலரை அடி ஆயிட்டா அப்பாகூட ஏற விட மாட்டாங்க. அப்புறம் அவர் எதுக்கு என்னைக் கூப்பிடப் போறார்?"

அழவில்லை, வெர்னன். கடைக்குப் போனால் முட்டை தீர்ந்துவிட்டது என்று வந்து சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். விளம்பரம் முடிந்து தொடர் ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டாள். மீதிப் பகுதியை நான் பார்க்கவில்லை. பதினேழு வருடத்தில் நான் முடிக்காமல் விட்ட முதல் பகுதி அது.

படுக்கையில் சுருண்டு படுக்கிறாள், காலை நீட்டினால் வளர்ந்துவிடுமாம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தினமும் தன்னை அளக்கிறாள்.

எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. எவ்வளவு உயரம் ஆனாலும் நீ வா, எனக்கு நீ வேண்டும் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

லொரெய்ன்


ஈரி
8 ஜூன் 1994

லொரெய்ன்,

காபிக் காட்சி பிரமாதம். எந்தப் பகுதியில் வந்தது? செவ்வாயா, புதனா?

உன்னை எனக்குத் தெரியாதா? நாம் சண்டை போட்டபோதெல்லாம் லிடியா பேசிய வசனத்தை ஒரு வாரம் கழித்து என்னிடம் பேசியவள் நீ. கடைசியாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாயே, அது கூட அவள் போன மாதிரியேதான் இருந்தது. பத்து வயதுப் பெண் காபி குடித்து வளர்த்தியை நிறுத்தப் பார்க்கிறாளாம். உன் பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமானால் நம்புவாள்.

கெல்சிக்கு இது பிடிக்கவில்லையென்றால் என்னிடம் சொல்லியிருப்பாள். நான் பேருந்தில் அறுபது பிள்ளைகளைப் பார்க்கிறவன். எந்தப் பிள்ளைக்கு என்ன மனசு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அரை அங்குலம் பாக்கி இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஜூலைக்குள் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் அனுப்பும்போது மெல்லிய அடி வைத்த செருப்பாகப் போட்டு அனுப்பு. அந்தத் தடித்த ஷூ வேண்டாம். தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டாதே, அளக்கிற கம்பில் இடிக்கும்.

ஜூலை 3, காலை பத்து மணிக்கு வேனோடு வாசலில் நிற்பேன்.

வெர்னன்


டொலீடோ
14 ஜூன் 1994

வெர்னன்,

மெல்லிய அடி வைத்த செருப்பு.

உன் கடிதத்தை ஒரு பிரதி எடுத்து என் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்மணி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

உத்தரவு இருப்பதால் அனுப்புகிறேன். அவளும் போக வேண்டும் என்கிறாள், நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள், அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒன்று மட்டும் கேட்கிறேன். பெரிய ரோலர் கோஸ்டருக்கெல்லாம் நாலடி இருந்தால் போதும். அவள் நாலடியைத் தாண்டி மூன்று வருடமாகிறது. இந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள், நீ இருபது தடவை ஏறிய ஏதாவது ஒன்றில் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறு. கணக்கில் வராததில்.

லொரெய்ன்


ஈரி
20 ஜூலை 1994

லொரெய்ன்,

பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினாய்? திரும்பி வரும்போது முன்னூறு மைல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் அவளுக்குப் பிடித்த வறுத்த சீஸ் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தேன், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நேற்று போன் போட்டால் நீ எடுத்து வைத்துவிட்டாய்.

நீ என்னவோ கொடுமை நடந்ததாக நினைப்பாய், அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

முதல் பத்தும் ஒரு தொல்லையும் இல்லை. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆயிற்று. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினோராவது பூங்கா ஓர் அத்துவானக் காட்டில் இருந்தது. அங்கே ஒரு முயல் ரயில். வாசலில் நின்ற பெண் அளவுக்கம்பை எடுத்தாள். கெல்சி முழங்காலை லேசாக மடித்து நின்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. "நேரா நில்லும்மா" என்றாள் அந்தப் பெண். "நேராத்தான் நிக்கிறேன்" என்றாள் கெல்சி. அந்தப் பெண் கெல்சியின் தோளைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தால், நாலரை அடிக்கு மேல் கால் அங்குலம்.

நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். கால் அங்குலத்துக்காக எண்பது மைல் வந்தவனைத் திருப்பி அனுப்புவதா? அந்தப் பெண் மசியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் பையனுக்கு ஆறு வயது இருக்கும். பையனோடு நான் ஏறட்டுமா என்று அந்தத் தாயிடம் கேட்டேன். மன்றத்தில் எல்லோரும் செய்கிறதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் சரி என்றாள். அந்தப் பிள்ளையோடு ஏறினேன். கெல்சி வேலிக்குப் பக்கத்தில் என் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொத்தமே இரண்டு நிமிடம். மறுநாள் ஐந்நூறாவதும் அப்படித்தான், இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு. இரண்டு நிமிடம்தான். அதற்கு இவ்வளவு முகத்தைத் தூக்கிக்கொள்வதா?

ஐந்நூறு ஆயிற்று. இருபது வருடத்து உழைப்பு. வாழ்த்துச் சொல்ல உனக்கு மனம் வராது என்று தெரியும். ஆகஸ்ட் 20 கூட்டத்துக்கு அவளை அனுப்பு. முப்பத்து மூன்றில் என்னோடு ஏறியிருக்கிறாள், மேடையில் பக்கத்தில் நிற்கட்டும். மார்வின் போட்டோ எடுப்பான்.

(நீ கேட்ட பெரிய ரோலர் கோஸ்டருக்கு நேரம் கிடைக்கவில்லை.)

வெர்னன்


டொலீடோ
29 ஜூலை 1994

வெர்னன்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நடந்ததை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய், எழுதியது என்ன என்று உனக்கே தெரியவில்லை.

கெல்சி என்னிடம் ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விளம்பரத்துக்குக் காத்திருக்காமல், "அந்தப் பையன் பேரு கூட அப்பாவுக்குத் தெரியாதும்மா" என்றாள். நான் டிவியை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு இறக்கத்தில் பயம் வந்ததாம், நீ அவன் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாயாம். இறங்கி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தீர்களாம். "என்கூட ஏறுறப்பவும் அப்படித்தான் சிரிப்பார்" என்றாள்.

நீ திருடன் மாதிரி, குடிகாரன் மாதிரி எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு வார்த்தை கிடைத்திருக்கும். பெற்ற பிள்ளையை வேலி ஓரத்தில் தொப்பியோடு நிறுத்திவிட்டு, ஊர் பேர் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனாயே, அதுவும் இரண்டு நாள், இரண்டு தடவை! உன்னை நினைத்தாலே எனக்கு உடம்பு எரிகிறது.

எனக்கும் ஓர் அடி விழுந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. "என்கிட்ட ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று கேட்டதற்கு, "உன்கிட்ட விளம்பரத்துல மட்டும்தானேம்மா பேச முடியுது" என்றாள். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

கூட்டத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று நானே எழுத நினைத்தேன். பிறகு அவளையே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடைசி ரெண்டுல நான் ஏறல. ஏறாததைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு அப்பாதானே சொல்லுவார்."

அவள் நோட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள். நான் எடுத்து வைத்திருக்கிறேன், உனக்காக அல்ல.

காபி குடிப்பதில்லை. பால் குடிக்கிறாள்.

லொரெய்ன்


ஈரி
23 ஆகஸ்ட் 1994

லொரெய்ன்,

கூட்டம் முடிந்தது. உனக்கு எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் மார்வினிடம் சொன்னால் சிரிப்பான், வேறு ஆளும் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். சட்டையில் பின்னைக் குத்தினார்கள். இருநூறு பேர் கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒருவன், "எங்கேடா உன் சின்னப் பொண்ணு?" என்று கேட்டான். "வளர்ந்துட்டாடா" என்றேன். "அப்போ வேற ஒண்ணைப் பிடி!" என்றான் மார்வின். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், லொரெய்ன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

வேனுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, அவள் உட்கார்ந்து வந்த இருக்கைக்கு அடியில் என்ன கிடந்தது தெரியுமா? அந்த மெல்லிய அடிச் செருப்பு. இரண்டாவது வாரம் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் காலோடு இருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. செருப்பின் அடி எவ்வளவு இருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்தேன். கால் அங்குலம் கூட இல்லை. அதைக் கூட வேண்டாம் என்று கழற்றியிருக்கிறாள். எனக்காக.

காபி விஷயம் நீ ஜோடித்தது என்று எழுதினேன். அது தப்பு.

பின்னை வேனில் ஓர் இடுக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பூங்காக்கள் மூடுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு பழைய மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. நான் அதில் முப்பது தடவையாவது ஏறியிருப்பேன், ஒன்றும் புதிதாகச் சேராது. ஒரு சனிக்கிழமை வருகிறேன். அவளோடு ஏற வேண்டும். நீயே கேட்டுச் சொல். நான் கேட்டால் போனை எடுக்க மாட்டாள்.

நீ மறுபடியும் திட்டி எழுதலாம். ஆனால் அவளிடம் கேட்டுவிட்டு எழுது.

வெர்னன்


டொலீடோ
12 செப்டம்பர் 1994

வெர்னன்,

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்மேல் இருக்கிற கோபம் ஒரு செருப்பில் போகிற கோபம் இல்லை, அதைத் தெரிந்துகொள்.

கெல்சியிடம் உன் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். அறைக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். மூன்றாவது நாள், "அந்த மர ரயில்ல நாம போலாமாம்மா, முதல்ல நாம ரெண்டு பேரும்?" என்றாள். நான்! ஏணியில் ஏறி பல்பு மாற்றக் கூட நடுங்குகிறவள். போன வாரம் திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறையில் போனோம். அளக்கிற இடத்தில் யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றாள். இறக்கத்தில் நான் போட்ட சத்தத்தில் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உச்சியில் ஏரி முழுவதும் தெரிந்தது. நீ இத்தனை வருடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை. நாலு தடவை ஏறினோம். அன்றைக்கு வீட்டில் பதிவு நாடா தீர்ந்துபோய் இரண்டு நாள் தொடர் பதிவாகவில்லை. கிரான்ட் மறுபடி செத்துவிட்டானாம், கெல்சியின் சிநேகிதி சொல்லித்தான் தெரியும். இப்போதெல்லாம் தொடர் ஓடும்போது கெல்சி வாய் ஓயாமல் பேசுகிறாள். பாதி வசனம் காதில் விழுவதில்லை.

கதவு நிலையில் பென்சில் கோடு நாலரை அடிக்கு மேல் முக்கால் அங்குலம் ஏறியிருக்கிறது.

அவள் பதிலை எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட என்னுடையது இல்லை, வக்கீல் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

செப்டம்பர் 24, சனிக்கிழமை, பதினோரு மணிக்கு நீ வரலாம். ஆனால் அவள் என்னோடுதான் ஏறுவாள். நீ ஏறக் கூடாது. எங்கள் இரண்டு பேர் தொப்பியையும் வாங்கிக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் இறங்கி வருகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அதற்குப் பிறகு உன்னோடு ஏறுவதா இல்லையா என்பதை அவள் யோசித்துச் சொல்வாளாம்.

நான் கேட்டேன், "அவ்வளவு நேரம் அப்பா அங்கே தனியா நிப்பாராடி?" என்று.

"ரெண்டு நிமிஷம்தானேம்மா" என்றாள்.

லொரெய்ன்